டவுனுக்குள்ளா, எஸ்டேட் ஓரமா? நீலகிரியில் வீடு தேடுபவர்கள் கேட்கும் கேள்விகள்

குன்னூரில் வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். மனை வாங்குவதற்கு முன்னால் வந்து கேட்பவர்கள் குறைவு. பணத்தைக் கொடுத்து பத்திரமும் முடித்துவிட்டு, அதன் பிறகு பிளானுக்கு வருபவர்கள்தான் அதிகம். அவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றே. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சேர்த்திருக்கிறேன். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தை மனதில் வைத்து எழுதியது. கூடலூர் பக்கம் நிலைமை வேறு, அதற்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு.

வீடு வேணும், விலை கட்டுப்படியாகணும். இதுல உள்ளே, வெளியேன்னு என்ன விவாதம் சார்?

வீட்டு விலை ஏறும் எந்த ஊரிலும் இரண்டு யோசனைகள் வரும். ஒன்று, ஊரைச் சுற்றியுள்ள விவசாய நிலத்தையும் தோட்டத்தையும் மனைகளாக்கி ஊரை விரிப்பது. மற்றொன்று, ஏற்கெனவே சாலையும் தண்ணீரும் சாக்கடையும் உள்ள இடத்தில், காலியாகவும் பாதி பயன்பாட்டிலும் கிடப்பதை நிரப்பிக் கட்டுவது. சமவெளியில் இது பெரும்பாலும் பணக் கணக்கு. மலையில் மண்ணின் கணக்கும் சேர்ந்துகொள்கிறது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீலகிரியில் உள்ளே கட்டுவதுதான் சரி. ஆனால் அப்படிக் கட்டும் வீடு இங்கே குடியிருப்பவருக்குப் போகும்படி பார்த்துக்கொள்ளாவிட்டால் அதனாலும் விலை இறங்காது.

ஜனத்தொகை கூடுது, அதனாலதான் வாடகை ஏறுதுன்னு சொல்றாங்களே?

எண்களைப் பாருங்கள். 2001 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,62,141. 2011இல் அது 7,35,394. அந்தப் பத்தாண்டில் ஆட்கள் குறைந்தார்கள். அதே காலத்தில் மனை விலை இறங்கியதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆட்கள் குறைந்தும் விலை ஏறுகிறது என்றால், வீட்டை வாங்குபவர் வேறு, வீட்டில் வாழ வேண்டியவர் வேறு என்று பொருள். சென்னையிலும் பெங்களூரிலும் கோவையிலும் சம்பாதிப்பவர் கோடைக்கு ஒரு வீடு வாங்குகிறார். உள்ளூர்க்காரர் மூன்று அறை வீட்டை மாத வாடகைக்கு விடுவதைவிட நாள் வாடகைக்கு விட்டால் சீசன் இரண்டு மாதத்தில் ஆண்டு வருமானத்தைப் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார். எஸ்டேட் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் தற்காலிக ஆசிரியரும் இவர்களோடு போட்டி போட வேண்டியிருக்கிறது.

டவுனுக்கு வெளிய சென்ட் பாதி விலைக்குக் கிடைக்குது. அங்க வாங்கினா என்ன தப்பு?

மனையின் விலை மலையில் பத்திரத்தோடு முடிவதில்லை. தேயிலைச் சரிவில் ஐந்து சென்ட் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது சமதளம் இல்லை. பொக்லைன் வைத்து மேல்பக்கம் வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளி நிரவுவார்கள். இங்கே பொக்லைனுக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், பலர் அதையும் வாங்குவதில்லை. இப்போது வீட்டின் பின்பாதி வெட்டிய மண்ணிலும் முன்பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கும். கொட்டிய மண் இரண்டு மழைக்காலத்தில் அமுங்கும், சுவர் குறுக்கே வெடிக்கும்.

பின்பக்கம் தடுப்புச்சுவர் கட்டாமல் முடியாது. கருங்கல்லில் ஒழுங்காகக் கட்டினால் அந்தச் சுவரே வீட்டுச் செலவில் பெரிய பங்கைத் தின்னும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் சுவரில் நீர் வடியும் துளைகளை வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். மண்ணுக்குள் தேங்கும் தண்ணீருக்கு வழி இல்லாவிட்டால் எவ்வளவு தடிமனான சுவரையும் அது தள்ளும். பிறகு பாதை, மின்கம்பம், தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றுக்கும் இங்கே கட்டுப்பாடு உண்டு. லாரித் தண்ணீரும், பஸ் இல்லாத இடத்துக்கு ஜீப்பும் ஆட்டோவும் மாதாமாதம் வரும் செலவு. மகளிர் கட்டணமில்லாப் பேருந்து 2024இல் மலைக்கும் வந்தது, ஆனால் பஸ் வராத லேஅவுட்டில் இருக்கும் பெண்ணுக்கு அதனால் பயன் இல்லை.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், டவுனில் இரண்டரை சென்டில் கட்டியிருக்கக்கூடிய வீட்டைவிட இது மலிவாக வருவது அபூர்வம். நிலம் விற்றவருக்கு இந்தச் செலவு எதுவும் இல்லை. பாதி விலைக்கு விற்க அவரால் முடிவது அதனால்தான்.

சரி, மண் சரியும்னு ஏன் இவ்வளவு பயமுறுத்துறீங்க? எங்க தாத்தா காலத்துல எல்லாம் சரியலையே?

இந்த மலையின் அடியில் இருப்பது சார்னோகைட் என்ற கடினப் பாறை. அதன் மேல் பல மீட்டர் தடிமனுக்கு மக்கிய செம்மண். கனமழையில் இந்த மண் தண்ணீரைக் குடித்துக் கனக்கிறது, பாறையோடு உள்ள பிடி தளர்கிறது. இயல்பான சரிவில் ஓடைகள் தண்ணீரை இறக்கிவிடும். ஓடையை மூடி மனை போட்டால், அல்லது சரிவின் அடியைச் சாலைக்காக வெட்டினால், மேலே இருக்கும் மண்ணுக்குத் தாங்கல் போய்விடுகிறது.

தாத்தா காலத்திலும் சரிந்திருக்கிறது. 1978, 1979 மழைகளுக்குப் பிறகுதான் இங்கே நிலச்சரிவு ஆய்வுகள் தீவிரமாயின. 1993 நவம்பரில் குன்னூர் மலைச்சாலையில் மரப்பாலம் அருகே சரிந்தது. 2009 நவம்பரில் மாவட்டம் முழுக்கச் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. மாவட்ட நிர்வாகம் அபாய இடங்கள் என்று 283ஐப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. வாங்கப் போகும் இடம் அதில் ஒன்றின் மேலா கீழா என்று தாலுகா அலுவலகத்தில் கேட்க ஒரு பைசா செலவில்லை.

இடம் பாக்கப் போகும்போது எதைப் பாக்கணும்?

மழையில் போய்ப் பாருங்கள். குன்னூர், கோத்தகிரி பக்கம் என்றால் ஐப்பசி, கார்த்திகை. குந்தா பக்கம் என்றால் ஆடி. வெயிலில் எல்லா மனையும் நன்றாகத்தான் இருக்கும். மரங்களின் அடித்தண்டு வளைந்து மேலே நிமிர்ந்திருந்தால் மண் மெல்ல நகர்கிறது. புல்லில் பிறைவடிவ வெடிப்பு, கோடையிலும் ஈரமான திட்டு, சாய்ந்த மின்கம்பம், இவற்றில் எது இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். உங்கள் மனையை மட்டும் பார்க்காதீர்கள். மேலே யார் வெட்டுகிறார்கள், அவர்கள் தண்ணீர் எங்கே இறங்குகிறது, கீழே யார் சாலைக்கு வெட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். மலை நகரங்களுக்கான வழிகாட்டுதல்கள் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவில் கட்ட வேண்டாம் என்கின்றன.

காகிதத்தில், வில்லங்கச் சான்றோடு நிறுத்தாதீர்கள். நில அளவை வரைபடத்தில் ஓடை குறிக்கப்பட்டிருக்கிறதா, கிராம நிலங்களின் கணக்கான அ-பதிவேட்டில் நிலம் என்ன வகை என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். வரைபடத்தில் ஓடை இருந்து தரையில் இல்லை என்றால், அது காணாமல் போகவில்லை, யாரோ மூடியிருக்கிறார்கள்.

ஹாக்கான்னா என்ன? பிளான் அப்ரூவல் வாங்கினா போதாதா?

ஹாக்கா என்பது மலையிடப் பாதுகாப்புக் குழுமம். 1990இல் தமிழக அரசு அமைத்தது. இதன் பட்டியலில் உள்ள ஊர்களில் உள்ளாட்சி அனுமதி மட்டும் போதாது. இடத்தையும் கட்டடத்தின் அளவையும் பொறுத்து வேளாண்மைப் பொறியியல், வனம், கனிமவளம் ஆகிய துறைகளின் தடையின்மைச் சான்றும் கேட்பார்கள். கூடவே 1993இன் மலைநகரக் கட்டட விதிகள் உண்டு. ஏழு மீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அங்கிருந்து வருகிறது.

இதனால் சின்ன வீடு கட்டுபவர் மாதக்கணக்கில் அலைகிறார் என்பது உண்மை, எனக்கும் அதில் கோபம் உண்டு. இரண்டு படுக்கையறை வீட்டுக்கும் இருபது அறைக் கட்டடத்துக்கும் அலைச்சல் ஏறத்தாழ ஒன்றாக இருக்கக் கூடாது. டவுனுக்குள், ஏற்கெனவே சமப்படுத்திய மனையில் கட்டும் சிறு வீட்டுக்கு வேகமான தனி வழி வேண்டும். விதியைத் தளர்த்தச் சொல்லவில்லை, சான்றுகளை ஒரே மேசையில் கொடுக்கச் சொல்கிறேன்.

டவுன்ல இடமே இல்லையே அண்ணே. நீங்க சொல்ற ‘உள்ளே’ எங்க இருக்கு?

பெட்போர்டிலிருந்து சிம்ஸ் பூங்கா வரை நடந்து பாருங்கள். ஊட்டியில் ஃபேர்ன்ஹில், எல்க்ஹில் பக்கம் போய்ப் பாருங்கள். வெள்ளைக்காரர் காலத்து பங்களா காம்பவுண்டுகளில் ஆண்டில் பதினோரு மாதம் வாட்ச்மேன் மட்டும் இருக்கிறார். சாலை வாசல் வரை இருக்கிறது, குழாய் இருக்கிறது, நிலம் நூறு வருடத்துக்கு முன்பே படிபடியாகச் சமப்படுத்தி உறுதிப்பட்டது. பங்களாவை இடிக்க வேண்டாம், அழகான கட்டடங்கள் அவை, நிற்கட்டும். பின்னால் இருக்கும் குதிரை லாயம், வேலையாட்கள் குடியிருப்பு, பழைய கார் கொட்டகை, இவற்றின் தடத்திலேயே நாலைந்து குடும்பத்துக்கு வீடு கட்டலாம்.

அரசுக் குடியிருப்புகள் அடுத்தது. பல துறைகளின் பழைய குவார்ட்டர்ஸ் கூரை இறங்கி, புதர் மண்டிக் கிடக்கின்றன. ஊட்டி இந்துநகரில் 1960இல் நிறுவிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலை நின்றுபோன பிறகு, அதன் ஊழியர்கள் வாழ்ந்த குடியிருப்புப் பகுதியை அந்த வழியாகப் போகும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அங்கே நில உரிமைச் சிக்கல்கள் இருக்கலாம். ஆனால் வீடுகளுக்காகவே வெட்டிய தரையை விட்டுவிட்டு, புதிதாக ஒரு தேயிலைச் சரிவை வெட்டுவது எனக்குப் புரியாத காரியம்.

மூன்றாவது, கடைத்தெரு மாடிகள். லோயர் பஜாரிலும் மவுண்ட் ரோட்டிலும் கடைக்கு மேலே உள்ள அறைகள் மூட்டை அடுக்கும் கிடங்காக இருக்கின்றன. முன்பு அங்கே குடும்பங்கள் இருந்தன. படிக்கட்டும் கழிப்பறையும் சரிசெய்தால் மறுபடி இருக்கலாம். நாலாவது, பூட்டிய வீடுகள். வாடகைக்கு விட்டால் காலி செய்ய மாட்டார்கள் என்ற பயத்தில் பூட்டி வைப்பவர்கள் பலர். 2019இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்தால் இரு பக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு. தனியாக வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸும் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்க முடியாது.

ஏழு மீட்டர் கட்டுப்பாட்டை எடுத்துட்டா ஒரே இடத்துல பத்து வீடு வருமே?

வரும். ஆனால் அதை நான் கேட்க மாட்டேன். அடர்த்தி வேறு, உயரம் வேறு. நாலு மாடியின் எடையைத் தாங்க மலைச்சரிவில் ஆழமான அடித்தளம் வேண்டும், அதற்கு மேலும் வெட்ட வேண்டும். வாகனம் நிறுத்த இன்னும் ஒரு வெட்டு. அந்தச் செலவில் வரும் வீடு உள்ளூர்க்காரர் வாங்கும் விலையில் இருக்காது. ஏழு மீட்டருக்குள் தரையும் ஒரு மாடியுமாக, பக்கச் சுவர் ஒட்டிய வரிசை வீடுகள் போதும்.

இதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. படகர்களின் ஊர்களான ஹட்டிகளைப் பாருங்கள். முன்னால் பொதுவான புல்வெளி, அதை நோக்கி ஒட்டி ஒட்டி வரிசையாக வீடுகள், சுற்றிலும் விவசாய நிலம். குன்றின் உறுதியான முதுகில் நெருக்கமாக இருந்து, சரிவை விவசாயத்துக்கு விட்ட ஏற்பாடு அது.

எங்க ஹட்டியிலயே கட்டிக்கலாமேன்னு பசங்க சொல்றாங்க. அதுவும் ‘வெளிய’ தானா?

இல்லை. ஹட்டியின் பழைய வரிசைக்குள் இடிந்த வீட்டை எடுத்துக் கட்டுவதும் நான் சொல்லும் ‘உள்ளே’தான். பொதுப் புல்வெளியில் ஏறாமல், கீழே உள்ள தண்ணீர் வழியில் செப்டிக் டேங்க் வைக்காமல் கட்டுங்கள். குடும்பத்துக்குள் பாகம் பிரியாத நிலம் என்றால் முதலில் அதை எழுதி முடித்துக்கொள்ளுங்கள், வங்கிக் கடன் அங்கேதான் நின்றுபோகிறது.

அமெரிக்காவுல ஊரை விரிச்ச இடத்துலதான் வீடு மலிவுன்னு படிச்சேன். அது இங்க பொருந்தாதா?

ஹூஸ்டனைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அது விரிந்த ஊர்தான், மலிவானதும்தான். நிலம் தட்டையாக எல்லாப் பக்கமும் கிடக்கிறது. ஆனால் அதே ஹூஸ்டன் 1998இல் நகரின் மையப் பகுதியில் ஒரு மனையின் குறைந்தபட்ச அளவை 5,000 சதுர அடியிலிருந்து 1,400 ஆகக் குறைத்தது. நம் கணக்கில் பதினொன்றரை சென்டிலிருந்து மூன்று சென்ட் சொச்சம். பழைய மனைகள் பிரிந்து, ஒட்டு வீடுகள் ஆயிரக்கணக்கில் வந்தன. விரிவதற்கு இடம் உள்ள ஊரே உள்ளேயும் நிரப்பியது.

நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016இல் குடியிருப்பு நிலத்தின் பெரும்பகுதியில் மனைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வீடு கட்ட வழிவிட்டது. கட்டுமானம் கூடியது. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரம் 1979 முதல், இதற்கு மேல் ஊர் விரியக் கூடாது என்று தன்னைச் சுற்றி எல்லை வகுத்து வைத்திருக்கிறது. எல்லை போட்டுவிட்டு உள்ளே கட்ட விடாமல் இருந்தால் விலை ஏறும் என்று அந்த ஊர்களில் வாதிடுபவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. நாம் இப்போது செய்வது ஏறத்தாழ அதுதான். வெளியே காகிதத்தில் தடை, உள்ளே நடைமுறையில் தடை, நடுவில் அனுமதியில்லாத மனைகளின் வியாபாரம்.

நீங்க சொல்றபடி உள்ளே கட்டினா, அதையும் காட்டேஜ் ஆக்கிடுவாங்களே?

இந்தக் கேள்விதான் மிகவும் முக்கியம், இதற்குப் பதில் இல்லாமல் மேலே சொன்ன எதுவும் வேலை செய்யாது. டவுனில் நூறு வீடு கட்டி எண்பது நாள் வாடகைக்குப் போனால் எஸ்டேட் ஓரம் மறுபடியும் வெட்டுப்படும்.

கருவிகள் இருக்கின்றன. வீட்டு மின் இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த இணைப்பில் காட்டேஜ் நடத்துபவரை வணிக இணைப்புக்கு மாற்ற மின்வாரியத்தால் முடியும். சொத்து வரியிலும் குடியிருப்பு வேறு, வணிகம் வேறு. குடியிருப்பு என்று அனுமதி வாங்கிய கட்டடத்தில் விடுதி நடத்தினால் பூட்டுவதற்கு அதிகாரம் உண்டு, அவ்வப்போது பூட்டவும் செய்கிறார்கள். கொடைக்கானலில் 2019இல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் விதிமீறிய கட்டடங்களுக்கு மொத்தமாகப் பூட்டு விழுந்தது. அந்த அளவுக்கு முற்றவிட்டால் அங்கே வேலை செய்தவர்களும் சேர்ந்து தெருவுக்கு வருகிறார்கள்.

நான் கேட்பது ஒரு நிபந்தனை. விரைவான அனுமதி, சிறிய மனைக்கு இசைவு, அரசு நிலம், இவற்றில் எந்தச் சலுகையைப் பெற்றுக் கட்டிய வீடும் குறைந்தது இருபது ஆண்டு மாத வாடகைக்கோ சொந்தக் குடியிருப்புக்கோ மட்டும் என்று பத்திரத்திலேயே எழுத வேண்டும். மலைக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் கொண்டுவர முடிந்தது. வீடுகளைக் கணக்கெடுப்பது அதைவிடக் கடினமான வேலை இல்லை.

நாங்க எஸ்டேட் லைன்லயே பொறந்து வளர்ந்தவங்க. ரிட்டயர் ஆனா வீட்டை விடணும். எங்களுக்கு டவுன்ல யார் இடம் தருவா தம்பி?

இதைக் கேட்பவர்களுக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். தோட்டத் தொழிலாளர்களுக்கான சட்டப்படி, வேலையில் இருக்கும்வரை நிர்வாகம் வீடு தர வேண்டும். வேலை முடிந்தால் அந்த உரிமையும் முடிகிறது. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக அரசுத் தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன, அரசின் தேயிலைக் கழகமான டேன்டீ அதில் வளர்ந்தது. அந்தக் குடும்பங்கள் மூன்று தலைமுறையாக இந்த மலையைக் கொழுந்தாக்கிக் கொடுத்திருக்கின்றன. பி.எஃப்., கிராஜுவிட்டி வந்த வாரமே தரகர் வாசலில் நிற்கிறார். எஸ்டேட் ஓரத்து மூன்று சென்ட் அவர்கள் தலையில்தான் விழுகிறது. வாழ்நாள் சேமிப்பு ஒரு சரிவான, பாதையில்லாத மனையாகிவிடுகிறது.

அந்தப் பணத்தை உடனே மனையில் போடாதீர்கள். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் வீடுகள், பிரதமர் வீட்டுத் திட்டம், ஊராட்சிப் பகுதியில் கலைஞரின் கனவு இல்லம் (ரூ.3.5 லட்சம்), இவற்றில் எதற்குத் தகுதி என்று சங்கத்தின் மூலம் மனுக் கொடுத்துக் கேளுங்கள். வாரிய வீடு எங்கே அமைகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் நடக்கிற தூரத்தில், நான் மேலே சொன்ன பழைய குவார்ட்டர்ஸ் நிலத்தில் கட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைத்த நிலத்தில் அரசே வீடு கட்டினால், மூன்றாவது கேள்வியில் சொன்ன எல்லாச் செலவும் ஏழைக் குடும்பத்தின் மீது விழும்.

தேயிலைக்கு விலையில்லை. நிலத்தை விக்காம நாங்க என்ன பண்றது?

பச்சைத் தேயிலை விலை தொண்ணூறுகளின் இறுதியில் விழுந்ததிலிருந்து சிறு விவசாயி நிமிரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கொழுந்துக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்காமல் நிலத்தைக் காப்பாற்று என்று சொல்வது அநியாயம். விற்றே ஆக வேண்டும் என்றால் விவசாய நிலமாக முழுதாக விற்கப் பாருங்கள். துண்டு போட்டு விற்றால் வாங்குபவருக்குப் பதிவிலும் பிளானிலும் சிக்கல், நாளை அவர் உங்கள் வாசலில் நிற்பார்.

நாங்க ஏற்கெனவே அனுமதியில்லாத மனை வாங்கிட்டோம். இப்ப?

பத்திரம் 20.10.2016க்கு முன்னதா பின்னதா என்று பாருங்கள். அந்தத் தேதிக்கு முந்தைய மனைகளை வரன்முறைப்படுத்தத் தமிழகத்தில் விதி வந்தது, மலைப் பகுதிக்கு 2020இல் தனியாக வந்தது. பிந்தையது என்றால் பெரும்பாலும் வழி இல்லை. கட்டாமல் வைத்திருங்கள், சரிவைப் புல்லாலும் மரத்தாலும் பிடித்து வையுங்கள். மேலும் பணத்தைப் போட்டு பொக்லைனைக் கூப்பிடாதீர்கள்.

பேசாம மேட்டுப்பாளையத்துல வீடு வாங்கி, தினம் மேல வந்து போனா என்ன?

பலர் அப்படித்தான் போனார்கள், இரண்டாவது கேள்வியில் சொன்ன எண்ணிக்கைக் குறைவில் அதுவும் இருக்கும். குன்னூரிலிருந்து இறங்க முப்பது கிலோமீட்டருக்கு மேல். மண் விழுந்தால் சாலை அடைபடும், சீசனில் வண்டிகள் நகராது. காலை ஷிப்டுக்கு வரும் செவிலியரும் துப்புரவுப் பணியாளரும் இப்படி வந்து போக வேண்டியிருந்தால், அவர்கள் ஒரு நாள் வேறு வேலை பார்த்துக்கொள்வார்கள்.

கூடலூர், பந்தலூர் பக்கம் இதெல்லாம் பொருந்துமா?

பாதிதான். ஜமீன் போன்ற பழைய ஜென்ம நில உரிமையை ஒழித்த 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவில், முடிவாகாமல் கிடக்கும் நிலங்களில் குடியிருப்பவர்களுக்குப் பட்டா இல்லை, மின் இணைப்புக்கே போராட வேண்டியிருக்கிறது. சீகூர் பக்கம் யானை வழித்தடம் தொடர்பாக 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே உள்ளேயா வெளியேயா என்பதற்கு முன்னால், நிலம் யாருடையது என்பது தீர வேண்டும். அந்தப் பக்கம் யாராவது செக்‌ஷன் 17 நிலத்தை ‘சீக்கிரம் பட்டா வந்துரும்’ என்று சொல்லி விற்றால் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.